இடைக்கு முன் எலும்பு: ஒரு கோர்செட் தேர்வின் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கும் 34 வயதுத் தோழி ஒருவர், தாம் வாங்கி நான்கே முறை அணிந்திருந்த ஆயத்தக் கோர்செட் ஒன்றை என் வெட்டு மேசைமேல் வைத்து, அதைத் தம் உடம்புக்கு ஏற்றபடி பிடித்துத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்பதைக் கால் மணி நேரத்தில் கண்டுகொண்டேன். ஏன் முடியாது என்பதை அவருக்கும் எனக்கும் தெளிவுபடுத்திக்கொள்ளவும், பொருத்தமான வகையையும் அதைச் செய்து தரக்கூடிய தயாரிப்பாளரையும் கண்டுபிடிக்கவும் ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களின் பதிவு இது. பெயரைத் தவிர எல்லா விவரங்களையும் எழுதிக்கொள்ள அவர் ஒப்புதல் தந்திருக்கிறார்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு தெளிவு. இதைக் கச்சு என்று எழுதலாமே என்று சிலர் கேட்கக்கூடும். நம் இலக்கியத்தில் வரும் கச்சு மார்பைக் கட்டும் துணி. கோர்செட்டோ மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதி, இடை, இடுப்பெலும்பு ஆகிய மூன்றையும் ஒருசேரப் பிடித்து, எஃகுப் பட்டைகளால் நிமிர்ந்து நின்று, முதுகுப்புறம் நாடாவால் இறுக்கப்படும் ஆடை. இரண்டின் வேலையும் வேறு என்பதால் கோர்செட் என்றே எழுதுகிறேன்.

தோழிக்கு இது அலங்காரத்துக்காக மட்டும் தேவைப்படவில்லை. விக்டோரியா அரசியின் காலத்து வாழ்க்கையைப் பழைய வீடுகளிலும் தோட்டங்களிலும் நடித்துக் காட்டும் தன்னார்வக் குழு ஒன்றில் அவர் இருக்கிறார். அக்காலப் பாவாடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு அடுக்குகள். அவற்றின் கட்டுநாடாக்கள் வெறும் இடையில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் தோலில் பள்ளம் விழும். அந்த எடையை இடையைச் சுற்றிய ஒரே கோட்டில் விடாமல் உடற்பகுதி முழுவதற்கும் பகிர்ந்து தருவதுதான் கோர்செட்டின் வேலைகளில் முதன்மையானது என்பது என் எண்ணம். இடையைச் சிறுக்கச் செய்வது அதற்குப் பிறகு வருவது. ஆனால் படங்களைப் பார்த்து வாங்கப் போகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள், தோழியும் அப்படித்தான் தொடங்கினார்.

அவர் வாங்கியிருந்தது மார்புக்குக் கீழே தொடங்கித் தொடையின் மேற்பகுதி வரை இறங்கும் நீண்ட வகை. அளவு 26 அங்குலம், விலை 78 பவுண்டு. எஃகுப் பட்டைகள் உண்மையானவை, துணியும் மோசமில்லை, தையலும் நேராக இருந்தது. ஆகவே இதைத் தரமற்ற பொருள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அணிந்து காட்டச் சொன்னேன். முதுகில் நாடா ஓடும் இடைவெளி மேல்முனையில் ஓர் அங்குலமும், இடையில் இரண்டரை அங்குலமும், கீழ்முனையில் நான்கு அங்குலமுமாகக் கூடாரத்தின் வாயில்போல் விரிந்திருந்தது. நாடாக் கண்ணிகளை ஒட்டிய இரண்டு எஃகுப் பட்டைகளும் அந்தச் சாய்வுக்கு ஏற்ப முறுக்கேறி, ஒரு விளிம்பு தோலில் பதியத் தொடங்கியிருந்தது. மேல்விளிம்பு மார்பை மேலே தள்ளியது. உட்கார்ந்தபோது முன்பக்கத் தகடு தொடையில் முட்டி, கோர்செட் முழுவதையும் ஓர் அங்குலம் மேலே ஏற்றியது.

“அக்கா, மூச்சு முட்டவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் போனால் வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போகிறது” என்றார்.

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை நிறுத்தியது. தொடையின் வெளிப்பக்கத் தோலின் உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனைக்கு மிக அருகில், தொடை இடுக்கை ஒட்டிக் கடந்து இறங்குகிறது. இறுக்கமான இடைவார், இறுக்கமான கால்சட்டை, கோர்செட் ஆகியவை அந்த இடத்தில் அழுத்தினால் தொடையில் மரமரப்பும் எரிச்சலும் வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. ஆகவே அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பு அவரைக் குடும்ப மருத்துவரிடம் அனுப்பினேன். அழுத்தம் நின்றதும் மரமரப்பு மறைந்துவிடுவதால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றும், அந்த இடத்தில் அழுத்தாத ஆடையாக இருந்தால் அணியலாம் என்றும் மருத்துவர் சொன்ன பிறகே வேலையைத் தொடர்ந்தோம். கருவுற்றிருப்பவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், நெஞ்செரிச்சல் நோய் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோர் அழகு பார்ப்பதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

அளவு எங்கே தவறியது

முதல் கேள்வி, 26 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது. விற்பனையாளரின் அட்டவணை, “உங்கள் இயல்பான இடையளவிலிருந்து ஆறு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தது. தோழி தம் அளவை 32 என்று எடுத்து, ஆறைக் கழித்து, 26 வாங்கியிருக்கிறார். நான் அளந்தபோது அவருடைய இடை 29 அங்குலம். மூன்று அங்குல வேறுபாடு எப்படி வந்தது என்று தெரியாமல், எங்கே வைத்து அளந்தீர்கள் என்று கேட்டேன். புடவைக்குள் உடுத்தும் பாவாடையின் நாடா கட்டும் இடத்தைக் காட்டினார்.

இது நம்மவர் எவருக்கும் நேரக்கூடிய பிழை. நாம் இடுப்பு என்ற ஒரே சொல்லால் விலாவுக்குக் கீழே ஒடுங்கும் இடத்தையும் சொல்கிறோம், பாவாடை கட்டும் கோட்டையும் சொல்கிறோம், எலும்பு புடைத்திருக்கும் இடத்தையும் சொல்கிறோம். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இடுப்பில்தான், ஒட்டியாணம் போடுவதும் இடுப்பில்தான். தோழிக்குப் பாவாடைக் கோடு உண்மையான இடைக்கு ஒன்றேகால் அங்குலம் கீழே இருந்தது. பக்கவாட்டில் குனிந்தால் உடல் மடியும் கோடே கோர்செட்டுக்கான இடை. மெல்லிய நாடா ஒன்றை வயிற்றைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு இருபுறமும் இரண்டு மூன்று முறை குனிந்து நிமிர்ந்தால், நாடா தானாகவே அந்தக் கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். இனி இக்கட்டுரையில் இடை என்றால் அந்தக் கோடு, இடுப்பு என்றால் எலும்பின் முன்முனைகள் இருக்கும் மட்டம் என்று கொள்க.

தவறான அந்த அளவு ஒரு வகையில் அவரைக் காப்பாற்றியிருந்தது. சரியாக 29 என்று அளந்து ஆறைக் கழித்திருந்தால் 23 அங்குலக் கோர்செட் வந்து சேர்ந்திருக்கும், அவதி இன்னும் கூடியிருக்கும். ஒருவர் இடை எவ்வளவு ஒடுங்கும் என்பது அங்குள்ள சதையின் தன்மை, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள வெற்றிடம், பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கழிக்கச் சொல்லும் அட்டவணைக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

அடுத்து எலும்புகளை அளந்தோம். இந்த ஆய்வில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: உடம்பில் விட்டுக்கொடுக்காத பகுதிகளை முதலில் அளக்க வேண்டும், விட்டுக்கொடுக்கும் பகுதியைக் கடைசியில் அளக்க வேண்டும். விலாக்கூடு ஓரளவே ஒடுங்கும், இடுப்பெலும்பு ஒடுங்கவே ஒடுங்காது, இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள உயரமும் மாறாது. இடை ஒன்றுதான் நெகிழும். ஆனால் கடைகள் நெகிழ்கிற அந்த ஒன்றை வைத்தே கோர்செட்டுக்கு அளவு எண் போடுகின்றன.

தோழியின் உயரம் 5 அடி 1 அங்குலம். மார்பு 38, மார்புக்குக் கீழே 32, இடை 29, இடுப்பு 36, அதற்குக் கீழே மிகப் பருமனான இடத்தில் 40. பக்கவாட்டில் மார்பின் அடிக்கோட்டிலிருந்து இடை வரை நாலரை அங்குலம், இடையிலிருந்து இடுப்பெலும்பின் முன்முனை மட்டம் வரை 3 அங்குலம். கடினமான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், மார்பின் அடிக்கோட்டிலிருந்து மடி வரை நடுக்கோட்டில் எட்டரை அங்குலம். கடைசி விலாவின் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் இடையே இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், வலப்பக்கம் ஓர் அங்குலம் மட்டுமே. அதாவது வலது இடுப்பு அரை அங்குலம் உயர்ந்திருந்தது. பாவாடை எப்போதும் ஒருபக்கம் ஏறி நிற்பதாகத் தம் அம்மா சிறுவயதில் குறை சொல்வார் என்று தோழி நினைவுகூர்ந்தார். முழுக்கச் சமச்சீரான உடம்பை என் மேசைக்கு முன் நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் தளர்ந்த சுடிதாரும் புடவையும் மறைத்துவிடுகிற அரை அங்குலத்தை எஃகு மறைக்காது.

இந்த எண்களைப் பழைய கோர்செட்டின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்தபோது எல்லாம் விளங்கியது. நாடாவை முழுவதும் மூடிய நிலையில் அதன் விலாப்பகுதி 31, இடை 26, இடுப்பு 32. விலாவின் அளவு இடையைவிட எவ்வளவு கூடுதலோ அதை விலாவிரிவு என்றும், இடுப்பின் அளவு எவ்வளவு கூடுதலோ அதை இடுப்புவிரிவு என்றும் சொல்வோம். இந்தக் கோர்செட்டில் விலாவிரிவு 5, இடுப்புவிரிவு 6. ஆடை தயாரிப்பவர்கள் ஒரு வடிவத்தை வரைந்து எல்லா அளவுகளுக்கும் அதையே பெருக்கிக்கொள்வதால், ஒரு கடையில் வெவ்வேறு அளவு எண்களை வாங்கிப் பார்த்தாலும் விரிவுகள் பெரும்பாலும் மாறுவதில்லை. தோழிக்கு 26 பொருந்தாதபோது 28 வாங்கிப் பார்க்கச் சொல்லி அவருக்கு வந்த அறிவுரை இதனால்தான் பயனற்றது. இடுப்பில் இடம் கிடைத்திருக்கும், விலாவில் தொளதொளத்திருக்கும்.

நீளமும் அதேபோல்தான். அந்தக் கோர்செட்டில் மேல்விளிம்பிலிருந்து இடைக்கோடு வரை 6 அங்குலம், தோழிக்கோ நாலரைதான். முன்பக்க நடுநீளம் 13 அங்குலம், தோழிக்கு உட்கார்ந்த நிலையில் உள்ள இடமே எட்டரைதான். மேலே மார்பையும் கீழே தொடையையும் அது முட்டியதற்கும், வலது இடுப்பெலும்பின் முனையில் அதன் விளிம்பு அழுத்தியதற்கும் வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

எந்த வகை

அவர் மனத்தில் இருந்தது 1900களின் தொடக்கத்து நீண்ட கோர்செட். முன்பக்கம் நேராக இறங்கி, மார்பை முன்னும் பிட்டத்தைப் பின்னும் தள்ளும் அந்தத் தோற்றம் படங்களில் வசீகரமானதுதான். ஆனால் அந்தப் படங்களை நம்ப வேண்டாம் என்றேன். அக்காலப் புகைப்படக்காரர்கள் கண்ணாடித் தகட்டிலேயே இடையைச் சுரண்டியும் தீட்டியும் ஒடுக்கிக் காட்டியது பரவலாக நடந்த ஒன்று. உண்மையான கோர்செட்டுகளைக் கண்ணால் பார்ப்போம் என்று லெஸ்டரிலிருந்து மார்க்கெட் ஹார்பரோ ஊருக்குப் போனோம். ஆர். அண்ட் டபிள்யூ. எச். சிமிங்டன் என்ற நிறுவனத்தின் பழைய கோர்செட் தொழிற்சாலைக் கட்டடத்திலேயே இன்று அவ்வூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்நிறுவனம் சேர்த்து வைத்த உள்ளாடைத் தொகுப்பு இப்போது லெஸ்டர்ஷயர் மாவட்டத்தின் பொதுச் சொத்து.

அங்கே எங்களை நெடுநேரம் பிடித்து வைத்தது, 1890களை ஒட்டி ‘பிரிட்டி ஹவுஸ்மெய்ட்’ என்ற பெயரில் சிமிங்டன் விற்ற கோர்செட் பற்றிய செய்தி. வீட்டுவேலை செய்யும் பெண்கள் வாங்கக்கூடிய விலையில் செய்யப்பட்டது அது. திமிங்கிலத்தின் வாய்த்தகட்டிலிருந்து எடுத்த விலையுயர்ந்த பட்டைகளைக் குறைத்து, அவற்றுக்குப் பதிலாகப் பருத்திக் கயிறுகளைத் துணியின் இரு மடிப்புகளுக்கு நடுவே வரிசையாகச் செருகித் தைத்திருந்தார்கள். நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து தரை துடைக்கும் உடம்போடு சேர்ந்து வளையும், வளைந்தும் தாங்கும். கோர்செட் என்றாலே அசையவிடாத கூண்டு என்று எண்ணியிருந்த தோழிக்கு அது ஒரு புதுச் செய்தி. கயிற்று வரிசை என்ற அந்த யோசனையை அவர் குறித்துக்கொண்டார். கடைசியில் அது பயன்பட்டது.

காலங்களை ஒவ்வொன்றாக அவர் உடம்பின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 1870களின் பிற்பகுதி முதல் பாவாடை இடுப்போடு ஒட்டி இறங்கத் தொடங்கியதால், கோர்செட்டும் இடுப்பின்மேல் நீண்டு இறங்கியது. உயரம் குறைந்த உடற்பகுதியில் அந்த நீளத்தை வெட்டினால் காலத்தின் தோற்றம் போய்விடும், வெட்டாவிட்டால் தொடை மரத்துப் போகும். 1850களிலும் 60களிலும் நிலைமை வேறு. கிரினொலின் எனப்படும் வளையக் கூடு பாவாடையை இடையிலிருந்தே விரித்துப் பிடித்ததால், இடுப்பு எப்படியிருக்கிறது என்பது எவர் கண்ணுக்கும் தெரியாது. எனவே அக்காலக் கோர்செட் இடைக்குக் கீழே குட்டையாகவே நின்றது. மேலே மார்பின் நடுப்பகுதி வரை ஏறி மார்பைக் கீழிருந்து தாங்கியது. தோழிக்குத் தோள்பட்டையில் உள்ளாடை வார் அழுத்தும் வலியும் இருந்ததால் இது இரண்டாவது ஆதாயம்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது. அந்தக் காலத்துக் கோர்செட்டுகள் பலவற்றில் நெடுந்துண்டுகளைச் செதுக்கி வளைவு உண்டாக்குவதற்குப் பதிலாக, நேரான துண்டில் கீறல் விட்டு, மார்பிலும் இடுப்பிலும் முக்கோணத் துண்டுகளைச் செருகித் தைத்தார்கள். கசெட் என்று தையற்காரர்கள் சொல்வது அதைத்தான். நம் ஊரில் கைப்பகுதி இறுகாமல் இருக்க அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்களே, அதன் உறவுதான் இது. கசெட் குறைந்த உயரத்தில் அதிக விரிவைத் தரும். அதோடு வலது இடுப்பின் கசெட்டும் இடது இடுப்பின் கசெட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரை அங்குலம் உயர்ந்த இடுப்புக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தோன்றவில்லை.

எவ்வளவு இறுக்குவது என்பதில் எங்களுக்குள் சிறு விவாதம் நடந்தது. விலாவை ஒடுக்காமல் கிண்ணம்போல் ஏந்தி, இடையில் மட்டும் திடீரென ஒடுங்கும் வடிவம் அவருக்குப் பிடித்திருந்தது. அது விலாவுக்கு இதமானது என்பதும் உண்மை. ஆனால் திடீர் ஒடுக்கத்துக்கு விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடம் வேண்டும். ஓர் அங்குல வெற்றிடத்தில் ஐந்தங்குல ஒடுக்கத்தை வைத்தால் நாடாவின் விசை முழுவதும் எலும்பில்தான் போய் இறங்கும். அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் அவருடைய விரலையே வைத்துக் காட்டினேன். ஒரு விரலும் அரையும்தான் உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு விவாதம் இல்லை. மெல்லிய கூம்புபோல் விலாவிலிருந்து சீராக ஒடுங்கும் வடிவமும், 29இலிருந்து 27க்கு இரண்டே அங்குல ஒடுக்கமும் போதும் என்று முடிவாயிற்று.

அதன்படி கணக்கு இப்படி வந்தது. முதுகில் இரண்டு அங்குல இடைவெளியோடு அணிவதாகக் கொண்டால், மூடிய நிலையில் இடை 25, விலா 30. இடுப்பில் 36க்குப் பதிலாக 37 என்று வைத்தோம், ஏனெனில் இடையில் ஒடுங்கும் சதை எங்கும் மறைந்துவிடாது, மேலும் கீழும் நகரும். ஆகவே மூடிய நிலையில் 35. இடுப்புவிரிவு 10 அங்குலம். கடையில் வாங்கியதற்கும் இதற்கும் விலாவிரிவில் வேறுபாடே இல்லை, இடுப்பில் நான்கு அங்குல வேறுபாடு. அளவு அட்டவணையின் எண்ணை எத்தனை முறை மாற்றி வாங்கியிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

எந்தக் கை

தயாரிப்பாளர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஆயத்தமாக விற்பவர்கள், தங்களிடம் உள்ள வடிவத்தை வாங்குபவரின் அளவுக்கு மாற்றித் தைப்பவர்கள், ஒவ்வோர் உடம்புக்கும் வடிவத்தைப் புதிதாக வரைந்து மாதிரி தைத்துப் பார்த்து முடிப்பவர்கள். முதல் வகையை நான் இழிவாகச் சொல்லமாட்டேன், விரிவும் நீளமும் பொருந்துகிற உடம்புக்கு அது போதும். ஆனால் நடுவிலுள்ள வகைக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு விளம்பரங்களில் தெரிவதே இல்லை. இரண்டிலும் “உங்கள் அளவுக்கே” என்றுதான் எழுதியிருக்கும்.

வீடு தேடிச் சென்று அளவெடுத்துத் தைத்துத் தரும் வழக்கம் இந்நாட்டில் ஒரு காலத்தில் பெருந்தொழிலாகவே இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கிய ஸ்பைரெல்லா நிறுவனம் 1910இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் நகரில் காலூன்றி, பயிற்சி பெற்ற பெண்களை வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பி அளவெடுத்தது. சுருள் எஃகுப் பட்டை அதன் தனிச் சரக்கு. தட்டையான எஃகு ஒரு திசையில்தான் வளையும், சுருள் எஃகு பக்கவாட்டிலும் வளையும் என்பதால் இடுப்பு வளைவுகளில் அதுவே உகந்தது. அந்தத் தொழிற்சாலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. வீட்டுக்கு வந்து அளவெடுத்த கைகள்தான் இல்லை. அதனால் இன்று அளவெடுப்பவரின் திறமையை நாமே கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

மூவருக்கு ஒரே கடிதத்தை எழுதினோம். முதலாமவர் மார்பு, இடை, பிட்டம் என்ற மூன்று அளவுகளை மட்டும் கேட்டு, மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னார். நீள அளவு ஒன்றுகூடக் கேட்காதவரால் நீளத்தில் பிழைபட்ட உடம்புக்கு என்ன செய்ய முடியும்? அவருடைய படங்களில் எல்லோரும் முன்பக்கம் காட்டி நின்றார்கள், ஒருவர் முதுகும் தெரியவில்லை. கோர்செட்டின் உண்மை முதுகில்தான் இருக்கிறது. இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ஓடுகிறதா என்பதைக் காட்டாத படத்தால் பயன் இல்லை. முன்பக்கப் படத்தில் பார்க்க வேண்டியவை சுருக்கங்கள். இடுப்பில் குறுக்காகச் சுருக்கம் ஓடினால் அங்கே விரிவு போதவில்லை, மேல்விளிம்பு உடம்பை விட்டு விலகி நின்றால் அங்கே விரிவு மிகுந்துவிட்டது.

இரண்டாமவர் உண்மையான கலைஞர். மிக ஒடுங்கிய இடைகளுக்குப் பெயர்பெற்றவர், 12 அளவுகள் கேட்டார், முதுகுப் படங்களை அவராகவே அனுப்பினார். எங்கள் எண்களைப் பார்த்துவிட்டு, தம் வடிவம் நீண்ட உடற்பகுதிக்காகப் பல ஆண்டுகளாகச் செம்மை செய்யப்பட்டது என்றும், கசெட் முறையில் தாம் பழகவில்லை என்றும், இந்த வேலையை ஏற்பது நேர்மையாகாது என்றும் பதில் எழுதினார். அந்தப் பதிலைத் தோழி ஏமாற்றமாக எடுத்துக்கொண்டார். எனக்கு மதிப்புக் கூடியது. நீண்ட உடற்பகுதி உள்ள எவர் கேட்டாலும் இன்றும் அவரிடம்தான் அனுப்புவேன்.

மூன்றாமவர் நாடகங்களுக்கு வரலாற்று உடை தைப்பவர். 23 அளவுகள், நின்ற நிலையிலும் உட்கார்ந்த நிலையிலும் நான்கு பக்கப் படங்கள், அணியப்போகும் பாவாடைகளின் எடை ஆகியவற்றைக் கேட்டார். பாவாடையின் எடையை அவர் கேட்டதும் இவர்தான் என்று எனக்குப் பட்டுவிட்டது. விலை 410 பவுண்டு, காத்திருப்பு 14 வாரம், இரண்டு மாதிரிப் பொருத்தங்கள் விலையில் அடக்கம். பழைய கோர்செட்டைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான விலை. தோழி இரண்டு வாரம் யோசித்தார், நான் வற்புறுத்தவில்லை.

முதல் மாதிரியைக் கெட்டியான பருத்தித் துணியில், பழைய எஃகுப் பட்டைகளைச் செருகித் தைத்திருந்தார். நின்றபோது குறையே தெரியவில்லை. நின்ற நிலையில் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடும் பழக்கம்தான் இத்தொழிலில் பாதித் தவறுகளுக்குக் காரணம். மாதிரியின்மேல் பாவாடைகளைக் கட்டி, கடின நாற்காலியில் 20 நிமிடம் உட்காரவைத்து, மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னோம். வலது இடுப்பில் விளிம்பு பதிந்த சிவந்த கோடு தெரிந்தது. முன்னடி முக்கால் அங்குலம் குறைக்கப்பட்டது, வலது கசெட்டின் உச்சி அரை அங்குலம் மேலே ஏற்றப்பட்டு அதன் அகலமும் கூட்டப்பட்டது. மூன்று வாரம் கழித்து வந்த இரண்டாம் மாதிரியில் அதே சோதனையில் கோடு விழவில்லை.

முடிந்த கோர்செட் மீன்முள் வரி நெசவுள்ள கூட்டில் என்ற பருத்தித் துணியில் அமைந்தது. கோர்செட்டுக்கென்றே நெருக்கி நெய்யப்படும் துணி அது, இழுவிசைக்கு எளிதில் நெகிழாது. இடைக்கோட்டில் உள்பக்கம் ஒரு பருத்தி நாடா ஓடி, முதுகில் இறுக்கும் நாடாவின் விசையை அது தாங்குகிறது. முன்பக்கம் கொக்கியும் கண்ணியுமாகத் திறக்கும் எஃகுத் தகட்டுக்குப் பஸ்க் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டாகப் பிரியும் பஸ்க் பரவிய பிறகுதான் பெண்கள் பிறர் உதவியின்றித் தாமே கோர்செட் அணிவது எளிதாயிற்று. மார்பின் நடு வரை ஏறும் கூடுதல் உயரத்தையும் மடிக்கு மேல் விட வேண்டிய ஓர் அங்குலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, தோழிக்கு 10 அங்குல பஸ்க் வைக்கப்பட்டது. முதுகில் கண்ணிகளை ஒட்டித் தட்டை எஃகு, பக்கங்களில் சுருள் எஃகு. இடுப்புக் கசெட்டுகளில் எஃகே இல்லை, பருத்திக் கயிறு வரிசை. மார்க்கெட் ஹார்பரோவில் குறித்துக்கொண்ட யோசனை அது, தயாரிப்பாளர் உடனே ஏற்றுக்கொண்டார்.

அணியப் பழகுவது பற்றித் தயாரிப்பாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இரண்டங்குல ஒடுக்கம், நாளுக்கு இரண்டு மணி நேரம், இரண்டு வாரம் என்று ஒரு வாய்பாடு சொல்வார்கள். தோழிக்கு மொத்த ஒடுக்கமே இரண்டங்குலம் என்பதால் ஓர் அங்குலத்தில் தொடங்கி, ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று பத்து நாள் பழகினார். அவிழ்க்கும்போது நாடாவை முழுவதும் தளர்த்திய பிறகே பஸ்க்கின் கொக்கிகளைக் கழற்ற வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இறுகிய நிலையில் கழற்ற முயன்றால் தகடு வளைந்துவிடும்.

முதல் முழுநாள் நிகழ்ச்சியில் ஆறு மணி நேரம் அணிந்திருந்தார், நடுவில் ஒரு முறை அறைக்குள் போய் அரை மணி நேரம் தளர்த்தினார். தொடை மரக்கவில்லை. பாவாடை நாடாக்களின் தடம் தோலில் இல்லை. மாலையில் அளந்தபோது முதுகு இடைவெளி மேலே இரண்டு, நடுவில் இரண்டேகால், கீழே இரண்டு அங்குலம். குறைகளும் உண்டு. இடது மார்புக் கசெட் சற்று அகன்று நிற்கிறது, வெயில் நாளில் துணியடுக்குகளுக்குள் வியர்வை தங்குகிறது, உள்ளே அணியும் மெல்லிய பருத்திச் சட்டையை இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கிறது. கசெட்டை இந்தக் குளிர்காலத்தில் பிரித்துத் தைத்துத் தர அதே தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பழைய 26 அங்குலக் கோர்செட்டின் முறுக்கேறிய இரண்டு முதுகுப் பட்டைகளையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைச் செருகினேன். அதே குழுவில் 5 அடி 8 அங்குல உயரமும் ஒடுங்கிய இடுப்பும் கொண்ட பெண் ஒருவர் இருக்கிறார், விலா 33, இடை 30, இடுப்பு 34. அவரைக் கட்டிப் பார்க்கச் சொன்னோம். நாலைந்து நிமிடத்தில் நாடாவை இழுத்து முடித்துவிட்டு அவர் திரும்பி நின்றபோது, முதுகின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை இரண்டங்குலம் மாறாமல் நேராக ஓடியது. அவரே அதை வைத்துக்கொண்டார்.